மாடல் ரயில் பாதைக்கு ட்ராலி வண்டி: தேடுவதும் மாற்றி அமைப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சேலம் ஜங்ஷனுக்கு நடந்து போகும் தூரத்தில், சூரமங்கலத்தில் இருக்கிறேன். மாடி அறையில் பழைய கதவுப் பலகை ஒன்றைக் கிடத்தி அதன் மேல் பொம்மை ரயில் பாதை போட்டுப் பல வருஷம் ஆகிறது. பெரிய எஞ்சின்களை விட எனக்கு ட்ராலிகள் மேல்தான் பிரியம். வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களும் போனில் கூப்பிடுபவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ட்ராலி என்று தேடினால் ட்ராம் படமாக வருகிறது. எது சரி?

இரண்டுமே சரிதான். அமெரிக்காவில் ட்ராலி என்றால் தெருவில் ஓடும் மின்சார ட்ராம். அதன் கூரை மேல் சாய்ந்து நிற்கும் கம்பத்தின் நுனியில் ஒரு சின்னச் சக்கரம், மேலே போகும் மின்கம்பியைத் தொட்டபடி உருளும். முதலில் அந்த அமைப்புக்குத்தான் ட்ராலி என்று பெயர், பிறகு வண்டிக்கே அது ஒட்டிக்கொண்டது.

நம்ம ரயில்வேயில் ட்ராலி என்றால் வேறு. தண்டவாளத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து போக, ஆட்கள் ஓடிக்கொண்டே தள்ளும் வண்டி. என் அப்பா ட்ராலிமேனாக வேலை பார்த்தவர், அதனால் எனக்கு இரண்டு அர்த்தமும் வேண்டும். வெளிநாட்டு விலைப்பட்டியலில் ட்ராலி என்று போட்டிருந்தால் அது ட்ராம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளு ட்ராலியைக் கையால் செய்துகொள்வதே எளிது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சேலத்தில் ட்ராம் ஓடியதே இல்லையே. நம்ம ஊர் அமைப்பில் அதை ஓட்டினால் பொருந்துமா?

தமிழ்நாட்டுக்கு ட்ராம் புதிதில்லை. சென்னையில் மின்சார ட்ராம் 1895 மே மாதம் ஓடத் தொடங்கியது, இந்தியாவிலேயே அதுதான் முதல். 1953 ஏப்ரலில் நின்றுபோனது. கொல்கத்தாவில் மின்சார ட்ராம் 1902-இல் தொடங்கியது.

சேலத்தில் இல்லாததை இருந்ததாகக் கற்பனை செய்வதில் தப்பில்லை, நம்பும்படி இருந்தால் போதும். நான் யோசித்தது இப்படி: ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில், பழைய ஊரும் கடைவீதியும் செவ்வாய்ப்பேட்டையும் தள்ளி இருக்கின்றன. ஸ்டேஷன் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்றால் நடுவில் ஜனங்களை ஏற்றி இறக்க ஒரு வண்டி வேண்டும்தானே? அதனால் என் பலகையில் ஜங்ஷன் வாசலில் புறப்படும் ட்ராம் ஐந்து ரோடு, நாலு ரோடு வழியாகப் பழைய பஸ் ஸ்டாண்ட் வரை போகிறது. பார்ப்பவர்கள் யாரும் “இது எங்கே இருந்தது?” என்று கேட்பதில்லை. “எப்போது நிறுத்தினார்கள்?” என்றுதான் கேட்கிறார்கள்.

எந்த ஸ்கேல் வாங்கலாம்?

வண்டியைப் பார்த்து மயங்குவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். ஹெச்.ஓ. என்பது 1:87, அதாவது நிஜ அளவில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. பிரிட்டிஷ் ஓ.ஓ. 1:76, ஆனால் தண்டவாளம் அதே 16.5. என் (N) என்ற ஸ்கேல் 1:160, ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 1:150, தண்டவாளம் 9 மி.மீ. ஓ ஸ்கேல் அமெரிக்காவில் 1:48, தண்டவாளம் 32 மி.மீ. அகலமானது.

ஒரே தண்டவாளத்தில் ஓடுகிறது என்பதற்காக ஹெச்.ஓ. ட்ராம் பக்கத்தில் ஓ.ஓ. பஸ்ஸை நிறுத்தினால் கண்ணுக்கு உடனே உறுத்தும். ஐந்தரை அடி ஆள் 1:87-இல் 19 மி.மீ., 1:76-இல் 22 மி.மீ. இந்த மூன்று மில்லிமீட்டர் போதும், வாசலில் தலை இடிப்பது போலத் தெரிய.

நம்ம அகல ரயில் பாதை 1676 மி.மீ. அதை 1:87-க்குச் சுருக்கினால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரும், கடையில் கிடைப்பதோ 16.5. இந்த வித்தியாசத்தோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள். ட்ராமுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, கொல்கத்தா ட்ராம் பாதை 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜ், 16.5-க்குச் சரியாகப் பொருந்தும்.

சின்ன வீடு, பலகை போட இடமில்லை என்றால் ஜப்பான் என் ஸ்கேல் ட்ராம்தான் என் சிபாரிசு. டோமிக்ஸ் என்ற ஜப்பான் கம்பெனியின் தண்டவாளத்தில் 103 மி.மீ. ஆரமுள்ள வளைவு வரை இருக்கிறது. அதில் குட்டையான ட்ராம்கள்தான் திரும்பும், நீளமானவை மாட்டிக்கொள்ளும். காட்டோ கம்பெனியின் தெருப் பாதையில் வளைவு 180 மி.மீ.

நல்ல வண்டி எங்கே கிடைக்கும்? எந்தக் கம்பெனி?

ஹெச்.ஓ.வில் பாக்மன் தயாரித்த பிரில், பீட்டர் விட், பி.சி.சி. என்ற அமெரிக்க ட்ராம் வகைகள் நன்றாக இருக்கும். பவுசர் கம்பெனியும் ட்ராம் செய்திருக்கிறது. என் ஸ்கேலில் காட்டோ, டோமிடெக். டோமிடெக் ட்ராம்களை மோட்டார் இல்லாமல் விற்பார்கள், ஓட வைக்க மோட்டார் அடித்தளம் தனியாக வாங்க வேண்டும். எந்த வண்டிக்கு எந்த அடித்தளம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். அதைப் படிக்காமல் வாங்கினால் சக்கரங்களின் இடைவெளி பொருந்தாது. ஓ.ஓ.வில் கார்கி கம்பெனியின் வார்ப்பு ட்ராம்கள் உண்டு. அவை ஓடாது, ஆனால் உடல் அழகாக இருக்கும், அடியில் வேறு மோட்டார் போட்டுக்கொள்ளலாம்.

நேராக உள்ளூர்க் கடையில் போய் வாங்கும் நிலை சேலத்தில் இல்லை. பெரிய நகரத்து ஹாபி கடைகளிடம் சொல்லி வரவழைக்கலாம், வெளிநாட்டிலிருந்து தபாலில் வாங்கலாம். தபாலில் என்றால் சுங்க வரியையும் சேர்த்து விலையைக் கணக்குப் போடுங்கள். இந்த இடத்தில் ஏமாந்து பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பழைய வண்டியை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஓடும் வீடியோ கேளுங்கள், சத்தத்தோடு. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை “டக்” என்று குதித்தால் அச்சில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் நாளாக நாளாகச் சுருங்கும், உள்ளே இரும்பு அச்சு சுருங்காது, அதனால் வெடிக்கும். மாற்றுப் பல்சக்கரம் கிடைக்கும் என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள். வார்ப்பு உலோக வண்டி என்றால் உடலில் மயிரிழை விரிசல், வீக்கம் இருக்கிறதா பாருங்கள். கலப்படமான துத்தநாக வார்ப்பு உள்ளிருந்தே உளுத்துப் போகும், அதற்கு மருந்து இல்லை.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் செட் வாங்கி வந்தார். அப்படியே சொருகலாமா?

கூடாது. அங்கே 120 வோல்ட், ஜப்பானில் 100, நமக்கு 230. என் முதல் செட்டை நானும் அப்படித்தான் சொருகினேன். கண் மூடித் திறப்பதற்குள் வார்னிஷ் கருகிய வாசனை, டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெச்.ஓ., என் வகைகளுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் டி.சி. போதும். நல்ல 12 வோல்ட் அடாப்டரும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு மோட்டார் கன்ட்ரோலரும் நம்ம ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலேயே கிடைக்கும். லயனல் போன்ற மூன்று தண்டவாள வண்டிகள் ஏ.சி.யில் ஓடுபவை, அவற்றை இதோடு கலக்காதீர்கள்.

என் ட்ராலி நின்று நின்று ஓடுகிறது. தள்ளிவிட்டால்தான் போகிறது.

நாலு சக்கர ட்ராலிகளுக்கு இது பிறவிக் குணம். எட்டுச் சக்கரம் இருந்தால் ஒன்று அழுக்கில் நின்றாலும் மற்றொன்று மின்சாரம் எடுக்கும், நாலில் அந்த வசதி குறைவு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

தண்டவாளம் வாங்கும்போது நிக்கல் சில்வர் என்று கேட்டு வாங்குங்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஜெர்மன் சில்வர் என்றால் தெரியுமே, அதேதான்: செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி துளியும் கிடையாது. பித்தளைத் தண்டவாளத்தை விட இதில் களிம்பினால் வரும் தொல்லை குறைவு.

அடுத்தது எடை. ஹெச்.ஓ. பெட்டிகளுக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பழைய பரிந்துரை ஒன்று உண்டு: 28 கிராம், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராம். ஆறு அங்குல வண்டிக்கு 112 கிராம் வருகிறது. கார் சக்கரத்தைச் சமன்படுத்த ஒட்டும் எடைத் துண்டுகளை டயர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், வண்டியின் உள்தரையோடு ஒட்டிவிடலாம். ஈயமாக இருந்தால் தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

விலை கொடுத்து வாங்கியும் பொம்மை மாதிரியே இருக்கிறது. நிஜமாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்?

முதலில் உள்ளே பாருங்கள். ட்ராலி முழுக்க ஜன்னல். எஞ்சினை வெளியே இருந்து பார்க்கிறோம், ட்ராலியை ஊடுருவிப் பார்க்கிறோம். காலி வண்டி ஓடினால் பொம்மைதான். சீட்டுக்கு ஐஸ் குச்சியைச் சீவிப் பலகை வரிகளாக ஒட்டுங்கள். ஆட்களை உட்கார வைக்கும்போது தொடைக்குக் கீழே வெட்டிவிட்டால் போதும், வெளியே தெரியாது. எல்லாரும் நேராகப் பார்த்து உட்கார வேண்டாம். ஒருவர் ஜன்னலில் கை வைத்திருக்கட்டும், ஒருவர் தூங்கட்டும். என் வண்டியில் படியில் ஒருவர் தொங்கிக்கொண்டு வருகிறார். வெளிநாட்டுக் கோட்டு சூட்டு ஆட்களைத்தான் விற்பார்கள். கோட்டைக் கத்தியால் சீவி, வேட்டி வரும் இடத்தில் டிஷ்யூ தாளைப் பசையில் நனைத்துச் சுற்றினால் நம்ம ஆள் ஆகிவிடுவார்.

பிறகு பெயின்ட். புது வண்டியின் பளபளப்பே காட்டிக்கொடுத்துவிடும். மேலே மேட் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. சக்கரப் பக்கம் செம்மண் நிறத்தில் பாஸ்டல் சாக்கைப் பொடித்துத் தூரிகையால் தடவுங்கள். சேலத்தில் சுண்ணாம்புக் கரடு பக்கம், மேக்னசைட் வெட்டும் இடத்தில் நின்ற வாகனங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தூசி கீழ்விளிம்பிலும் படிக்கட்டிலும்தான் படியும், கூரையில் அவ்வளவு இருக்காது. என் மாடலில் அந்த வெள்ளையைக் கொஞ்சம் சேர்த்த பிறகுதான் வண்டி சேலத்து வண்டி ஆனது.

முழுதாக நிறம் மாற்ற வேண்டும் என்றால் பழைய பெயின்டை ஆல்கஹாலில் ஊற வைத்து எடுக்கலாம். முதலில் அடிப்பக்கம் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள், சில பிளாஸ்டிக் நொறுங்கிப் போகும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: மூடுபனி இறங்கும் நாளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். காற்றில் உள்ள ஈரம் பெயின்டில் சிக்கி வெண்மையாகப் பூத்துவிடும்.

கூரைக் கம்பமும் மேல்கம்பியும் எப்படி?

ட்ராலிக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஓடும் வண்டியில் இரண்டு கம்பம் இருக்கும். ஓடும்போது பின்பக்கக் கம்பம் மட்டும்தான் மேலே. முன் கம்பம் கொக்கியில் மாட்டிப் படுத்திருக்கும். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இதை இறக்கி அதை ஏற்றுவார். இரண்டையும் ஏற்றி வைத்துப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

கம்பியின் உயரம் நிஜத்தில் ஐந்தரை முதல் ஆறு மீட்டர் வரை என்று வைத்துக்கொண்டால் 1:87-இல் 63 முதல் 69 மி.மீ. வரும். கூரைக் கம்பத்தால் மின்சாரம் எடுக்கும் பாதையில் கம்பி தண்டவாளத்தின் நடுவிலேயே போகும். ரயிலுக்குப் போல இடமும் வலமும் நெளியக் கூடாது, அது எஞ்சின் கூரையில் மடங்கி நிற்கும் பான்டோகிராஃப் சட்டத்துக்கானது. வளைவில் மட்டும் கொஞ்சம் உள்பக்கம் தள்ளிக் கட்டுங்கள்.

பற்ற வைப்பதை நான் கற்றது ஒரு வெள்ளிப் பட்டறையில். கொலுசு செய்யும் நண்பர் ஒருவர், பாஸ்பர் பிரான்ஸ் கம்பியால் நான் செய்த கம்பத்தைச் சாமணத்தில் பிடித்து, வெண்காரம் தொட்டு, பற்ற வைக்கும் வெள்ளிப் பொடி வைத்து, ஒரே ஊதில் பித்தளை அடித்தளத்தோடு சேர்த்துவிட்டார். இணைப்பு தெரியவே இல்லை, அவ்வளவு சுத்தம். ஆனால் வீட்டுக்கு வந்து மாட்டினால் கம்பம் துவண்டு விழுந்தது. வெள்ளிப் பொடி உருக 700 டிகிரி பக்கம் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் கம்பியின் விறைப்பு போய்விடுகிறது. திரும்பப் போய்ச் சொன்னேன். அவர் கம்பியை விரலில் வளைத்துப் பார்த்து, “பதம் இறங்கிருச்சு, அடித்தளத்தை மட்டும் நான் ஊதித் தரேன், கம்பியை நீங்க ஈயப்பற்றில் வெச்சுக்கங்க” என்றார். இன்று வரை அதுதான் என் வழக்கம். சாதாரண ஈயப்பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும், கம்பியின் விறைப்பு கெடாது.

பெயர்ப் பலகையைத் தமிழில் எப்படிப் போடுவது?

கணினியில் எழுதி, லேசர் பிரின்ட் எடுத்து, ஓரத்தைப் பென்சிலால் கறுப்பாக்கி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை விளிம்பு பளிச்சென்று தெரியும். வெள்ளை எழுத்து வேண்டும் என்றால் பின்னணி நிறத்தைப் பிரின்ட் செய்து எழுத்து இடத்தைக் காலியாக விடுங்கள், சாதாரண பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. “சூரமங்கலம்” இரண்டு சென்டிமீட்டர் பலகையில் அடங்காது. நான் “ஜங்ஷன்” என்று போட்டேன், ஊரிலும் அப்படித்தானே சொல்கிறோம்.

தள்ளு ட்ராலி செய்ய வழி சொல்லுங்கள்.

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்று காத்திருப்பேன்.

ரயில்வே விதிப்படி நாலு பேர் சேர்ந்து தண்டவாளத்தை விட்டுத் தூக்கி வைக்க முடிந்தால் அது ட்ராலி, அதற்கு மேல் கனமாக இருந்தால் லாரி. அந்த ஒரு விதியிலேயே வண்டியின் வடிவம் முழுக்க இருக்கிறது: இலேசான மரச்சட்டம், நாலு சின்னச் சக்கரம், ஒரு பெஞ்ச், ஒரு பிரேக், வெயிலுக்குக் குடை.

அளவுக்கு ஆள் உருவத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த ஆளின் முழங்கால் உயரம் பெஞ்சின் உயரம். சட்டத்துக்குக் காபி கலக்கும் மரக்குச்சி போதும், நீளவாக்கில் கீறிப் பலகை இடைவெளி காட்டுங்கள். சக்கரத்துக்கு என் ஸ்கேல் வேகன் சக்கரங்களைக் கழற்றி நீளமான அச்சில் மாட்டினால் 16.5-க்குச் சரியாக நிற்கும். அச்சு பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்பு அச்சு போட்டால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகிப் பாதை முழுக்க நின்றுவிடும். நிஜத்திலும் இதே கவலை உண்டு: சிக்னலுக்காகத் தண்டவாளத்தில் மின்சாரம் ஓடும் இடங்களில் ஓட்ட, மின்காப்பு செய்த ட்ராலிகளை வைத்திருக்கிறார்கள்.

என் முதல் ட்ராலியைச் செய்து முடித்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “கொடி எங்கடா?” என்றார். பகலில் ட்ராலி மேல் சிவப்புக் கொடி இல்லாமல் போகக் கூடாது. பிறகு தள்ளும் ஆளின் காலைத் தொட்டு, “இவனுக்கு யாரு ஷூ வாங்கிக் குடுத்தது? நாங்க வெறுங்காலில்தான் தண்டவாளத்து மேலயே ஓடுவோம்” என்றார். அன்று இரவே ஷூவைச் சுரண்டி எடுத்துக் காலுக்குத் தோல் நிறம் பூசினேன். கொடி, சிகரெட் அட்டையின் உள்ளே வரும் வெள்ளித்தாளில் வெட்டியது. மடிப்பு நிற்கும்.

ஓட வைக்க வேண்டுமா என்றால், நான் ஓட வைக்கவில்லை. பாதை ஓரத்தில் இறக்கி வைத்து, நாலு ஆளும் நின்று பார்க்க, இன்ஸ்பெக்டர் கையில் கொடியோடு இருக்க, ரயில் கடந்து போகிறது. அப்பா தினமும் பார்த்த காட்சி அதுதான்.

நிஜ ட்ராலியைப் பார்க்க வேண்டும் என்றால் பிளாட்பார முனையில் சில நேரம் நிறுத்தியிருப்பார்கள், பிளாட்பாரத்திலிருந்தே பாருங்கள். தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டப்படி குற்றம், ஆபத்தும் கூட.

ஏற்காடு மலைப்பாதை மாதிரி ட்ராலியை ஏற்ற முடியுமா?

முடியும், ஒற்றை வண்டிக்கு ஏற்றம் பெரிய தடை இல்லை. லிஸ்பன் நகரத்தில் நிஜ ட்ராம்களே பல்சக்கரம் இல்லாமல் 13 சதவீதத்துக்கு மேல் ஏறுகின்றன. மாடலில் ஒரு மீட்டருக்கு 4 செ.மீ. ஏற்றத்தில் தொடங்குங்கள், எடை நன்றாக இருந்தால் 6 வரை போகலாம். கொண்டை ஊசி வளைவில் மட்டும் ஏற்றத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து இருபது வளைவு இருக்கிறது என்று இருபதையும் போடப் பார்க்காதீர்கள், மூன்று போதும், மலை தெரிந்துவிடும்.

மண்ணுக்குக் காபிச் சக்கை. ஏற்காட்டுக் காபித் தோட்டத்து மண் நிறம் அப்படியே வரும். வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, வாணலியில் ஈரம் போக வறுத்த பிறகே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். சில்வர் ஓக் மரங்களை உயரமாக, ஒல்லியாக, வரிசையாக நடுங்கள்.

தானாகவே போய்த் திரும்பி வர வேண்டும்.

டி.சி. பாதை என்றால் இரு முனையிலும் ஒரு பக்கத் தண்டவாளத்தை வெட்டி, வெட்டின் மேல் ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் 1N4007 டையோடு ஒன்றைப் பற்ற வையுங்கள். வண்டி முழுதாக வெட்டைத் தாண்டியதும் டையோடு மின்சாரத்தைத் தடுக்கும், நின்றுவிடும். மின்முனையை மாற்றியதும் அதே டையோடு வழிவிடும், வண்டி திரும்பும். முனையை மாற்ற ஒரு டைமர் ரிலே போதும். வெட்டுக்கு அப்பால் உள்ள பாதை வண்டியை விட நீளமாக இருக்க வேண்டும், பின்சக்கரம் வெளியே இருந்தால் நிற்காது. டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் இந்த வழி வேலை செய்யாது.

சேலத்து வெயிலில் மாடி அறையில் வைக்கலாமா?

நான் வைத்திருக்கிறேன், ஆனால் தண்டவாள இணைப்புகளில் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். விடாத வருஷம் சித்திரையில் பாதை பாம்பாக நெளிந்தது. ஓட்டாத நாட்களில் கம்பத்தைக் கொக்கியில் மாட்டி இறக்கி வையுங்கள். பெட்டியில் ஸ்பாஞ்ச் வைத்துப் பொதியாதீர்கள். வெயிலில் அது பிசுபிசுத்துப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.